உங்களுக்குத் தெரியுமா? – எதிரே ஒருவர், நடுவே ஒரு கேன்வாஸ்

ஒருவரை எதிரே உட்காரவைத்து மாதக்கணக்கில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. கணவன் மனைவிகூட அப்படிப் பார்த்துக்கொள்வது அபூர்வம். நம் காலத்து உருவப்பட ஓவியர்கள் சிலர் அதையே பிழைப்பாக வைத்திருந்தார்கள். அவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்து வரைந்த படங்களில் தனிமைதான் தூக்கலாகத் தெரிகிறது என்பது வேடிக்கை. அந்த வட்டாரத்துச் செய்திகள் கொஞ்சம் இங்கே.

◆ லூசியன் ஃபிராய்டு (1922–2011) மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்டின் பேரன். பெர்லினில் பிறந்தவர், 1933-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் படத்துக்கு உட்காருவது சம்பளமில்லாத உத்தியோகம் மாதிரி. முகத்தை வரையும்போது இருந்தால் போதாது. பின்னாலிருக்கும் சுவரை வரையும்போதும் ஆள் அறையில் இருந்தாக வேண்டும். கலை விமர்சகர் மார்ட்டின் கேஃபோர்டு 2003 நவம்பரில் உட்கார ஆரம்பித்தார். மறு ஆண்டு ஜூலையில்தான் விடுதலை. கழுத்தில் நீலத் துண்டோடு உட்கார்ந்திருந்த அந்த மாதங்களைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

◆ 2002-இல் ஓவியர் டேவிட் ஹாக்னி இதே ஃபிராய்டுக்காக உட்கார்ந்தார். தினமும் காலையில் பூங்கா வழியே நடந்துபோய், மொத்தம் நூறு மணி நேரத்துக்கு மேல். பதிலுக்கு ஃபிராய்டு ஹாக்னிக்காக உட்கார்ந்தது ஒரு பிற்பகல் மட்டும். கணக்கு நேராகவில்லைதான். ஆனால் ஃபிராய்டு வரைந்த ஹாக்னியைப் பாருங்கள்: களைத்த கண்கள், முகம் முழுக்க வயசு. நூறு மணி நேரம் சிரித்த முகத்தோடு யாராலும் உட்கார முடியாது என்பதை ஃபிராய்டு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

◆ ஃபிராய்டின் அப்பா 1970-இல் இறந்தார். அம்மா லூசி தற்கொலைக்கு முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது. மகன் அவரை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து வரையத் தொடங்கினார். அது பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. அதற்குமுன் அம்மாவின் அளவுக்கு மீறிய அக்கறை தாங்காமல் விலகியே இருந்தவர் அவர்; தன்மீது அம்மாவுக்கு இருந்த ஆர்வம் அற்றுப்போன பிறகுதான் வரைய முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கொடூரமான பேச்சு. அந்தப் படங்களோ அவர் வரைந்தவற்றிலேயே மென்மையானவை. 1989-இல் அம்மா இறந்தபோது அந்த முகத்தையும் வரைந்தார்.

◆ அந்த வரிசையில் 1973-இல் வரைந்த பெரிய படம் ஒன்றில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கட்டிலில் ஓர் இளம்பெண் படுத்திருக்கிறாள். ஒரே அறை, ஒரே வெளிச்சம். ஆனால் அந்த இருவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து அங்கே இருந்ததில்லை. தனித்தனியாக வந்து போனவர்களை ஃபிராய்டு கேன்வாஸில் சேர்த்துவைத்தார்.

◆ இந்தக் கதைகளிலெல்லாம் என் மனத்தில் அதிகம் தங்கியவர் சீலியா பால். 1959-இல் நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவ மிஷனரி. சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. பதினாறு வயதில் லண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1978-இல் அங்கே ஆசிரியராக வந்த ஃபிராய்டுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது, இவருக்குப் பதினெட்டு. காதலியானார், மாடலானார், அவருக்கு ஒரு மகனையும் பெற்றார். பல காலம் பத்திரிகைகள் அவரை ஃபிராய்டின் மாடல் என்றே எழுதிக்கொண்டிருந்தன.

சீலியாவும் ஓவியர்தான். அவர் வரைந்தது யாரை? அம்மாவை. 1977 முதல் 2007 வரை முப்பது ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு முறை. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே, எண்பது படிகளுக்கு மேலே இருக்கிறது அவருடைய வீடு. அம்மா வயதான காலத்திலும் அத்தனை படியும் ஏறி வந்து உட்காருவார். உட்கார்ந்த நேரத்தில் பிரார்த்தனை செய்துகொண்டிருப்பார். எதிரே மகள் வரைந்துகொண்டிருப்பாள். பேச்சு இருக்காது. அந்தப் படங்களில் முகம் பாதி இருட்டில் கரைந்திருக்கும். அம்மா எங்கேயோ போய்விட்டது போலவும் இருக்கும், இதைவிடக் கிட்டே யாரும் இருக்க முடியாது என்றும் தோன்றும்.

◆ சீலியா பாலின் வீட்டில் சாமான் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பிற்பாடு திருமணம் செய்துகொண்டவர், கணவரோடு ஒரே வீட்டில் வாழவில்லை. அந்தக் கணவரிடம்கூட இந்த வீட்டின் சாவி இருந்ததில்லை. நம்மூரில் இதைச் சொன்னால் ஆயிரம் பேச்சு எழும். வரைவதற்குத் தனிமை வேண்டும், அதில் சமரசம் கிடையாது என்பது அவர் கட்சி. 2015-இல் அம்மா இறந்தார். அதன்பின் நான்கு சகோதரிகளை வெள்ளை உடையில் ஒன்றாக உட்காரவைத்து அவர் வரைந்த படத்தில் நான்கு பேரும் தோளோடு தோளாக இருக்கிறார்கள், ஆளுக்கொரு துக்கத்தில்.

◆ 1986–87-இல் ஃபிராய்டு ‘ஓவியரும் மாடலும்’ என்று ஒரு படம் வரைந்தார். அதில் தூரிகையோடு நிற்கும் ஓவியர் சீலியா பால்தான். ஃபிராய்டு இறந்து ஓர் ஆண்டு கழித்து, 2012-இல், சீலியா தன்னைத் தானே வரைந்த படத்துக்கு அதே தலைப்பை வைத்தார். இந்தப் படத்தில் ஓவியரும் அவரே, மாடலும் அவரே. இதைவிடச் சுருக்கமாக ஒரு பதிலைச் சொல்லிவிட முடியுமா?

◆ அமெரிக்க ஓவியர் எட்வர்டு ஹாப்பரின் படங்களைத் தனிமையின் சின்னமாக உலகமே கொண்டாடுகிறது. ஜன்னலோரப் பெண், ஹோட்டல் அறைப் பெண், படுக்கையில் காலை வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண். 1924-இல் திருமணமான பிறகு அநேகமாக எல்லாப் பெண்களுக்கும் மாடல் ஒருவரே: அவர் மனைவி ஜோ. காலை வெயில் படத்தை 1952-இல் வரைந்தபோது ஜோ எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தனித்த பெண்ணுக்கு எதிரே கணவர் நின்றுகொண்டுதான் இருந்தார். ஜோவும் ஓவியர் என்பதைப் பலரும் மறந்துபோனார்கள்.

◆ நியூயார்க் ஓவியர் அலெக்ஸ் கேட்ஸ் தன் மனைவி ஏடாவை 1957 முதல் இருநூறு முறைக்கு மேல் வரைந்திருக்கிறார். உயிரியல் ஆராய்ச்சியாளரான ஏடா அந்தப் படங்களில் தொப்பியோடு, குடையோடு, கறுப்புக் கண்ணாடியோடு வருவார். 1960-இல் வரைந்த ஒன்றில் கறுப்பு உடையில் ஆறு ஏடாக்கள் ஒரே அறையில் நிற்கிறார்கள். ஆனால் இருநூறையும் பார்த்து முடித்தாலும் அந்த அம்மாள் என்ன நினைக்கிறார் என்று நமக்குப் பிடிபடாது. தட்டையான நிறம், வழவழப்பான முகம். மனைவியின் அந்தரங்கத்தை ஊருக்குக் காட்டாமல் இருநூறு படம் வரைவதும் ஒரு சாமர்த்தியம்தான்.

◆ ஆண்ட்ரூ வையத் என்ற அமெரிக்க ஓவியரின் கதை நேர்மாறு. பென்சில்வேனியாவில் பக்கத்து வீட்டில் வேலைசெய்த ஹெல்கா என்ற பெண்ணை 1971 முதல் 1985 வரை வரைந்தார். இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள், வீட்டுக்குத் தெரியாமல். 1986-இல் விஷயம் வெளியே வந்தபோது டைம், நியூஸ்வீக் இரண்டும் அட்டையில் போட்டன. எல்லாரும் கிசுகிசுவைத் தேடினார்கள். படங்களில் இருப்பதோ, ஜன்னலைப் பார்த்து மௌனமாக இருக்கும் ஒரு பெண்.

◆ ஃபிராங்க் ஆவர்பாக் (1931–2024) எட்டு வயது நிரம்பும் முன்பே பெர்லினிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். பெற்றோர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். வளர்ந்தபின் லண்டனில் ஒரே ஸ்டூடியோவில் 1954 முதல் வேலைசெய்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும் பல பத்தாண்டுகள் வரைந்தார். ஒரு பெண்மணி 1956 முதல் 1997 வரை வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தார். நாள் முடிந்ததும் அன்றைக்குப் பூசிய வண்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுவார் ஆவர்பாக். அடுத்த முறை முதலிலிருந்து. திருப்தி வரும்வரை இப்படியே. கொரோனா ஊரடங்கில் யாரும் வர முடியாமல் போனதும், தொண்ணூறை நெருங்கிய வயதில் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைய ஆரம்பித்தார். அதற்கு முன்பு தன் முகத்தை அவர் அவ்வளவாகச் சட்டை செய்ததில்லை.

◆ முகம் காட்டாத உருவப்படம் உண்டா? உண்டு. ஜெர்மனியின் கெர்ஹார்டு ரிஷ்டர் 1988-இல் வரைந்த ‘பெட்டி’யில் மகள் சட்டென்று பின்னால் திரும்பிவிட்டாள், நமக்குக் கிடைப்பது தலைமுடியும் பூப்போட்ட மேல்சட்டையும்தான். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது. படம் வரையப்பட்டபோது அந்தச் சிறுமி வளர்ந்த பெண்ணாகிவிட்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்ப்பது சாம்பல் நிறம் பூசிய ஓர் ஓவியத்தை; அதுவும் அப்பா வரைந்ததே.

◆ முகம் காட்டாத படங்களுக்கெல்லாம் முன்னோடி டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய். 1898 முதல் 1909 வரை கோபன்ஹேகனில் குடியிருந்த வீட்டில், மனைவி இடாவின் பிடரியை எத்தனை முறை வரைந்தாரோ!

◆ ஹாக்னி 1970–71-இல் புதுமணத் தம்பதியான தன் நண்பர்களை வரைந்தார். கிளார்க் தம்பதியும் பெர்சி என்ற பூனையும் இருக்கும் இந்தப் படம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண் நிற்கிறாள், ஆண் உட்கார்ந்திருக்கிறான், நடுவே திறந்த பால்கனிக் கதவு. அந்த இடைவெளியைக் கண்டு விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். சில ஆண்டுகளில் திருமணம் முறிந்தது. ஓவியன் ஜோசியனா என்றால் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். பூனையின் உண்மைப் பெயர் பிளாஞ்ச் என்பது உபரித் தகவல். பெர்சி என்பது அந்த வீட்டின் இன்னொரு பூனை.

◆ அதே ஹாக்னி 1977-இல் தன் பெற்றோரை வரைந்தார். அம்மா நேராக மகனையே பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்து, அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார். அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறார். உலகத்து வீடுகள் பலவற்றிலும் நிலைமை இதுதான் போலிருக்கிறது.

◆ ஆலிஸ் நீல் (1900–1984) என்ற அம்மையார், அமூர்த்த ஓவியம் கொடிகட்டிப் பறந்த நியூயார்க்கில், யார் சட்டைசெய்தாலும் செய்யாவிட்டாலும் மனிதர்களையே வரைந்துகொண்டிருந்தார். தனி ஸ்டூடியோ கிடையாது. வீட்டுக் கூடமே ஸ்டூடியோ. அக்கம்பக்கத்தாரும் அவர்கள் குழந்தைகளும்தான் மாடல்கள். முதல் பெண்குழந்தை நோயில் இறந்தது, இரண்டாவதைக் கணவர் கியூபாவுக்குக் கொண்டுபோய்விட்டார், மனம் உடைந்து மருத்துவமனையில் இருந்தார். அத்தனையும் அவர் வரைந்த கண்களில் இருக்கிறது. 1970-இல் பாப் கலை ஓவியர் ஆண்டி வார்ஹோல் அவர் முன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுடப்பட்டு உயிர் தப்பியவர்; வயிற்றில் அறுவைத் தழும்புகள், இடுப்பில் மருத்துவக் கச்சை, மூடிய கண்கள். விளம்பரத்திலேயே வாழ்ந்த ஒருவரை இவ்வளவு ஒடுங்கிய நிலையில் வேறு யாரும் காட்டியதில்லை. சுற்றிலும் கேன்வாஸை வெறுமையாக விட்டுவிட்டார் நீல்.

பத்து ஆண்டு கழித்து அவர் முறை. எண்பது வயதில், பிறரை உட்காரவைத்த அதே கோடுபோட்ட நாற்காலியில், உடையில்லாமல், ஒரு கையில் தூரிகை மறு கையில் துணியோடு தன்னையே வரைந்து முடித்தார். தொடங்கி முடிக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆனது. படம் இப்போது வாஷிங்டன் தேசிய உருவப்படக் கூடத்தில்.

◆ ஆஸ்திரியாவின் மரியா லாஸ்னிக் (1919–2014) உடம்பில் உணர்வது எதுவோ அதை மட்டும் வரைவேன் என்றார். காது உணரவில்லை என்றால் படத்தில் காது இருக்காது. 2005-இல் வரைந்த சுய உருவப்படத்தில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று தன் நெற்றிப்பொட்டுக்கு, மற்றொன்று பார்க்கும் நமக்கு.

◆ ஒன்பதடி உயரத்தில் முகங்களை வரைந்து பேர் வாங்கிய அமெரிக்கர் சக் குளோஸுக்கு முகங்களை அடையாளம் காண முடியாத நரம்புக் குறைபாடு இருந்தது. தெரிந்தவரே எதிரே வந்தாலும் தெரியாது. தட்டையான படமாகிவிட்டால் நினைவில் நிற்கும். எனவே நண்பர்களைப் போட்டோ எடுத்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, பெரிதாக வரைந்தார். மறந்துவிடாமல் இருப்பதற்காக ஒருவன் ஓவியனான கதை இது. 1988-இல் தண்டுவடம் பாதித்துச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார்.

◆ நம் நாட்டுக்கு வருவோம். பூபேன் கக்கர் (1934–2003) பம்பாயில் பிறந்து பரோடாவில் வாழ்ந்த பட்டயக் கணக்காளர். பாதி நாள் கணக்கு, பாதி நாள் ஓவியம். 1970-களில் வாட்ச் ரிப்பேர்க்காரர், தையல்காரர், முடிதிருத்துபவர் எனச் சின்னக் கடைக்காரர்களை வரைந்தார். ஐரோப்பியப் பாணியில் ஜமீன்தார்களையும் மகாராஜாக்களையும் வரைந்து பழகிய இந்திய உருவப்படத்தில் அவர்களுக்கு இடமே இருந்ததில்லை. 1981-இல் ‘எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது’ வந்தது. பால்கனியில் உடையின்றி ஒருவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். கீழே தெருவில் அப்பா, மகன், கழுதைக் கதை நடக்கிறது, நாம் பாட்டியிடம் கேட்ட அதே கதை. ஊர் என்ன சொன்னாலும் குற்றம் சொல்லும் என்கிற இந்தக் கதைக்குள் தன் தன்பால் விருப்பத்தை வைத்துச் சொல்லிவிட்டார். மறு ஆண்டு வரைந்த, காசியில் இரண்டு ஆண்கள் தழுவி நிற்கும் படம், 2019 லண்டன் ஏலத்தில் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

◆ சுதிர் பட்வர்தன் 2005 வரை மும்பை அருகே தாணேயில் கதிரியக்க மருத்துவர். பகலில் எக்ஸ்ரேயில் மனிதர்களின் உள்ளே பார்த்தார். மற்ற நேரத்தில் ரயில் பயணிகளையும் இரானி ஓட்டலில் தனியே டீ குடிப்பவர்களையும் வரைந்தார். நெரிசலில் இடித்துக்கொண்டு நிற்பவர்களின் தனிமையை இவர் அளவுக்கு வரைந்த இந்தியர் குறைவு.

◆ கும்பகோணம் பக்கத்து ஓவியர் எஸ். இளையராஜா வரைந்த பெண்களைத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதவிடுக்கில் விழும் வெளிச்சம், தூணோரம் தனியே நிற்கும் கறுத்த அழகு, ரவிக்கையின் சுருக்கம்வரை நுணுக்கம். போட்டோ போல இருக்கிறதே என்று சிலர் ஒதுக்கினார்கள். நம் வீட்டுப் பெண்களின் நிறத்தைத் தயங்காமல் அழகென்று வரைந்ததற்காகவே அவரைக் கொண்டாடலாம் என்பேன் நான். 2021-இல் கொரோனா அவரை வெகு சீக்கிரம் கொண்டுபோய்விட்டது.

◆ லாகூரில் 1983-இல் பிறந்து நியூயார்க்கில் வாழும் சல்மான் தூர் மாடல் வைப்பதில்லை. மனக்கண்ணில் தோன்றும் மெலிந்த தெற்காசிய இளைஞர்களை மரகதப் பச்சையில் வரைகிறார். நண்பர்கள் ஆடும் கூடம், செல்போன் வெளிச்சம் விழும் முகம், விமான நிலையச் சோதனையில் கூனிக்குறுகி நிற்கும் ஒருவன். வீட்டுக்குள் கொண்டாட்டம், வெளியே சந்தேகப் பார்வை. 2020-இல் விட்னி அருங்காட்சியகம் இவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது.

◆ கானா நாட்டுப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த லினெட் யியாடம்-போவாச்சியின் மனிதர்கள் யாருமே நிஜத்தில் இருப்பவர்கள் அல்ல, எல்லாரும் கற்பனை. பல படங்களை ஒரே நாளில் முடித்திருக்கிறார். எந்தக் காலம் என்று தெரிந்துவிடக் கூடாதென்று காலில் செருப்பு, ஷூ போடாமல் விடுகிறார். ஃபிராய்டு மாதக்கணக்கில் ஆளை உட்காரவைத்துப் பிடித்த உயிர்ப்பை, இவர் ஆளே இல்லாமல் ஒரு பகலில் பிடிக்கிறார். அப்படியானால் அந்த மாதங்களெல்லாம் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் கேள்வி உறுத்துகிறது.

◆ மிஷெல் ஒபாமாவை 2018-இல் வரைந்த ஏமி ஷெரால்டு கறுப்பின மக்களின் தோலைச் சாம்பல் நிறத்திலேயே தீட்டுவார். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கண்ணுக்கு முகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

◆ சீனாவின் ஜாங் ஷியாவ்காங் 1990-களில் தன் வீட்டுப் பழைய போட்டோக்களைப் பார்த்துக் குடும்பப் படங்களாக வரைந்தார். கலாசாரப் புரட்சிக்காலச் சீருடை, ஒரே அச்சில் வார்த்த முகங்கள். ஒருவரையொருவர் தொடவில்லை. மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றுதான் அம்மாவையும் பிள்ளையையும் இணைக்கிறது.

◆ லண்டன் ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கன் உருவப்படம் என்றால் பெரும்பாலும் நண்பர்களைத்தான் வரைவார், ஆனால் எதிரே உட்காரவிடமாட்டார். முகத்தைச் சிதைத்து வரைவதை அவர்கள் கண்முன் செய்யக் கூச்சம். புகைப்படக்காரர் ஜான் டீக்கினை எடுக்கச்சொன்ன போட்டோக்கள் போதும். 1951-இல் ஃபிராய்டு படத்துக்காக வந்து நின்றபோது படம் ஏற்கெனவே பெரும்பாலும் முடிந்திருந்தது. அதுவும் எழுத்தாளர் காஃப்காவின் போட்டோவைப் பார்த்து! 1971-இல் பாரிஸில் அவருடைய மாபெரும் கண்காட்சி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது காதலர் ஜார்ஜ் டயர் விடுதி அறையில் இறந்துகிடந்தார். அதன்பின் பல ஆண்டு அந்த மரணத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். வரைய வேறு யாரும் மிஞ்சவில்லை என்று சொல்லித் தன் முகத்தையும் வரைந்துகொண்டார்.

◆ பேக்கன் 1969-இல் ஃபிராய்டை மூன்று கேன்வாஸ்களில் வரைந்த படம் 2013 நியூயார்க் ஏலத்தில் 14 கோடி டாலரைத் தாண்டியது. அதற்குள் நண்பர்கள் இருவரும் மனக்கசப்பில் பிரிந்து, காலமும் ஆகியிருந்தார்கள்.

◆ ஃபிராய்டு பேக்கனை வரைந்த படத்தின் விதி வேறு. 1952-இல் இருவரும் முழங்காலோடு முழங்கால் உரச உட்கார்ந்து, மாதக்கணக்கில் உருவான படம். செப்புத் தகட்டில் தீட்டியது. ஓர் அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். டேட் அருங்காட்சியகம் வாங்கியது. 1988-இல் பெர்லின் கண்காட்சிக்குப் போனபோது பட்டப்பகலில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 2001-இல் ஃபிராய்டே ‘தேடப்படுகிறது’ என்று ஒரு சுவரொட்டி வடிவமைத்தார். 3 லட்சம் மார்க் சன்மானம் என்று பெர்லின் தெருவெங்கும் ஒட்டினார்கள். படம் வரவில்லை. கண்ணைத் தாழ்த்தி, உள்ளுக்குள் ஏதோ யோசிக்கும் அகன்ற முகம், நெற்றியில் விழும் ஒரு முடிக்கற்றை. எங்காவது பார்த்தால் டேட்டுக்குத் தகவல் சொல்லுங்கள்.